கிளச் பெடலும் கத்திரி வெயிலும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். காட்பாடியில் சித்தி வீட்டிலிருந்து திரும்பும்போது வேலூர் கிரீன் சர்க்கிளில் கார் மானத்தை வாங்கிவிட்டது. முதல் கியரில், கிளச்சை அடிவரை மிதித்துத்தான் நிற்கிறேன். வண்டி தானாக ஊர்ந்து முன்னால் நின்ற ஆட்டோவைத் தொடப் பார்த்தது. பிரேக்கை அமுக்கிக்கொண்டே கிளச்சை நாலு முறை பம்ப் அடித்ததும் அடங்கியது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று சத்தம். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

மே 5, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட் போயிடுச்சி சார், செட்டா மாத்தணும்" என்றார்கள். 14,000 ரூபாயாம். மனம் ஒப்பவில்லை. கிளச் பிளேட் தேய்ந்தால் இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது. என் வண்டியோ நிற்கவே மாட்டேன் என்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

வெயில் தாழ்ந்த பிறகு பானெட்டைத் திறந்தேன். எங்கள் வண்டியில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அளவு இறங்கவே இல்லை. நிறம்தான் ரெண்டாம் டிகாஷன் மாதிரி. மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்கு மேலே இருக்கிறது. அங்கே விரல் விட்டுத் தடவினேன், காய்ந்திருந்தது. நல்லவேளை, அந்த அழுத்தத்தில் கிளச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு வெளியே இருக்கிற மாடல். ரப்பர் தொப்பியை விலக்கினால் அங்கேயும் ஈரமில்லை. அப்படியானால் வெளியே ஒழுகவில்லை. உள்ளே காற்று புகுந்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

மே 8, வியாழன்

மகளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஏர் எடுத்தேன், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினேன். ஸ்லேவில் காற்றை வெளியே விடுவதற்கென்றே இருக்கும் நிப்பிளில் மீன் தொட்டி டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் அமிழ்த்தினேன். "மிதி" என்றால் மிதிப்பாள். நான் நிப்பிளைத் திறந்து மூடுவேன். "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒருமுறை நான் மூடுவதற்குள் விட்டுவிட்டாள். டியூபில் இருந்த ஆயில் சரசரவென்று உள்ளே திரும்பியது. மறுபடி முதலிலிருந்து. டப்பா காலியாகிவிடாமல் அவ்வப்போது புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். கடுகு மாதிரி ஐந்தாறு குமிழி வந்து, பிறகு சுத்தமான ஆயில். பெடல் இறுகியது. ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மே 11, ஞாயிறு

பெருமை மூன்று நாள்தான். காலையில் ஒழுங்காக இருந்த வண்டி, மதியம் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் மறுபடி ஊர்ந்தது.

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: மகளைப் பெடலை அடிவரை மிதித்து அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவின் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளச்சை விலக்கும் ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளிக்கொண்டு ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே வந்தது. ஐந்து, ஆறு, ஏழு எண்ணுவதற்குள் மெல்லப் பின்வாங்க ஆரம்பித்தது. "காலை எடுத்தியா?" "இல்லப்பா, அழுத்திட்டுத்தான் இருக்கேன்." ஆக, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, அழுத்தம் தாங்காமல் ஆயில் டப்பாவுக்கே திரும்புகிறது. வெளியே சொட்டாததற்கும், டப்பாவில் அளவு இறங்காததற்கும் இதுதான் காரணம்.

மே 14, புதன்

லீவு போட்டு மாஸ்டரை மாற்றினேன். ரப்பர் கிட் மட்டும் போட்டால் மலிவுதான். ஆனால் பழைய சிலிண்டரின் உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கோடு இருந்தது, புது ரப்பரையும் அது தின்றுவிடும். பெடல் பின்னைக் கழற்றத் தலைகீழாகப் படுத்ததில் இடுப்பு இன்னும் வலிக்கிறது. பெடலையும் மாஸ்டரின் பிஸ்டனையும் இணைக்கும் தண்டை இறுக்கும்போது பெடலில் துளி ஆட்டம் விட்டேன். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, கிளச் பாதி மிதித்த மாதிரியே நிற்கும், அப்புறம் நிஜமாகவே பிளேட் போகும். மறுபடி ஏர் எடுத்து, பெடலை மிதித்தபடி வைத்திருக்கச் சொல்லி, ஸ்லேவின் தண்டைப் பார்த்துக்கொண்டே அறுபது எண்ணினேன். அசையவில்லை.

மே 17, சனி

ஆம்பூர் வரை போய் வந்தோம், மத்தியான வெயிலில். ரிவர்ஸில் பல்லைக் கடிக்கவில்லை. ஆனால் பானெட் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வருகிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். அன்றைக்குச் சிந்தியதைத் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். மனைவி இன்னும் பார்க்கவில்லை.