பேசில்டனில் ஒரு பகல்

"பேசில்டனா? அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றார் நான் தங்கியிருந்த லண்டன் வீட்டு நண்பர். சிந்தசைசரில் பாப் பாட்டுகள் கட்டிய வின்ஸ் கிளார்க் வளர்ந்த ஊர் என்றேன். யாரென்று தெரியவில்லை அவருக்கு. ‘ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்’ பாட்டின் தொடக்க மெட்டை வாயாலேயே வாசித்துக் காட்டினேன். "அட, இதுவா!" என்று மேசையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். மெட்டு தெரியும், ஆளைத் தெரியாது. கிளார்க் விஷயத்தில் எப்போதும் இப்படித்தான்.

லண்டன் பெஞ்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பேசில்டன். போருக்குப் பின் லண்டனில் வீடில்லாமல் நெருக்கியடித்தவர்களுக்காக 1949இல் அறிவிக்கப்பட்ட புதுநகரம். ஊரைக் கட்டியவர்கள் ரயில் நிலையத்தை மறந்துவிட்டார்கள் போல, அது 1974இல்தான் வந்தது. கிளார்க்குக்கு அப்போது 14 வயது.

நகரச் சதுக்கத்தில் ப்ரூக் ஹவுஸ் நிற்கிறது. V வடிவக் கான்கிரீட் தூண்கள்மேல் 14 மாடி. பக்கத்தில் தாயும் சேயுமாக ஒரு வெண்கலச் சிலை, அதைச் சுற்றி நீரூற்று. மற்றபடி கடைகள், கடைகள். அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழமையே இல்லாத இந்த ஊரில் வளரும் பையனுக்கு கிடாரைவிட, மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று அந்தத் தூண்களின் கீழே நின்றபோது பட்டது.

கிளார்க்கும் ஆண்டி பிளெட்சரும் சேர்ந்து முதலில் ஏதோ ஒரு குழு வைத்துப் பார்த்தார்கள். பிறகு மார்ட்டின் கோர் வந்தார். டேவிட் போவியின் பாட்டு ஒன்றை டேவ் கான் பாடக் கேட்டு அவரையும் இழுத்துக்கொண்டார்கள். ஒரு பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகையின் பெயரைச் சொல்லி, குழுவுக்கு டெபேஷ் மோட் என்று பெயர் கொடுத்தவர் கான். மியூட் இசைத்தட்டு நிறுவனத்தின் டேனியல் மில்லருடன் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு. 1981இல் வந்த முதல் ஆல்பத்தின் 11 பாடல்களில் 9 கிளார்க் எழுதியவை. நண்பர் தாளம் போட்ட அந்தப் பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனது.

அதே ஆண்டு முடிவதற்குள் குழுவை விட்டுப் போய்விட்டார்! வயது 21.

அவர் போனால் குழு படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். கோர் பேனாவை எடுத்தார், அந்தக் குழு உலக மைதானங்களை நிரப்பியது. கிளார்க் என்ன செய்தார்? பாட ஒரு குழு வேண்டும் என்று மெலடி மேக்கர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த பெண்ணுக்கு போன் போட்டார். அலிசன் மோயே, அவரும் பேசில்டன்காரர்தான். ப்ளூஸ் பாட நினைத்திருந்த கனத்த குரல் ஒருபக்கம், ஈரமே இல்லாத இயந்திர ஒலி மறுபக்கம். கேட்டால் ஒட்டாது என்று தோன்றும். ஆனால் யாஸூ என்ற பெயரில் அவர்கள் தந்த ‘ஒன்லி யூ’ 1982இல் 2ஆம் இடம் பிடித்தது. என்னைக் கேட்டால், கிளார்க்கின் மொத்த இசையிலும் உச்சம் இதுதான். இரண்டாவது ஆல்பம் முதலிடத்தைத் தொட்டது. அதற்குள் இருவரும் பிரிந்திருந்தார்கள்.

அப்புறம் தி அசெம்ப்ளி என்று ஒரு குழு. ஃபியர்கல் ஷார்கி பாடிய ஒரே ஒரு சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு), 4ஆம் இடம், கடை மூடியாச்சு.

1985இல் அதே மெலடி மேக்கர். இம்முறை விளம்பரம் கொடுத்தது கிளார்க். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பாட வைத்துக் கேட்டபின் ஆண்டி பெல் கிடைத்தார். அதுதான் இரேஷர் குழு. முதல் மூன்று சிங்கிள்களும் ஊற்றிக்கொண்டன. நழுவிப் போய்விடக்கூடிய ஆள் இந்த முறை நகரவில்லை. நான்காவது சிங்கிள் 2ஆம் இடம். அதன்பின் ஆண்டுக்கணக்கில் இருவரும் பிரியவே இல்லை. ஓடுகாலி என்று அவரை எழுதியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? நாலு பேர் கூட்டம் அவருக்குச் சரிப்படவில்லை, நல்ல குரலுள்ள ஒருவர் போதும் என்று எனக்குப் படுகிறது.

மதியம் லண்டன் திரும்பி, லண்டன் பிரிட்ஜைக் கடந்து சதர்க் பக்கம் நடந்தேன். வழி தவறி ஒரே தெருவை இரண்டு முறை சுற்றிய பிறகு காப்பர்ஃபீல்ட் தெரு கிடைத்தது. ஆல் ஹாலோஸ் தேவாலயம் இங்கேதான். போரில் குண்டு விழுந்து பெரும்பகுதி போய்விட்டது. வழிபாடு நின்ற அந்தக் கட்டடத்தில்தான் எரிக் ராட்கிளிஃப் பிளாக்விங் ஸ்டூடியோவை நடத்தினார். டெபேஷ் மோட்டின் முதல் ஆல்பம் பதிவானது இங்கே. யாஸூவின் முதல் ஆல்பத்தின் பெயரிலேயே இந்த எரிக் இருக்கிறார்.

நான் போன நேரம் கதவு பூட்டியிருந்தது. வெளியே செங்கல் சுவரையும் கிளைகளையும் பார்த்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டினேன். 2023இல், 63 வயதில், கிளார்க் முதன்முறையாகத் தன் பெயரில் மட்டும் வெளியிட்ட ஆல்பம். ஒவ்வொரு துண்டும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, தம்பூரா மாதிரி நகராமல் நிற்கிறது. ஆட வைக்கும் மெட்டு எதுவும் இல்லை. யாராவது பாட ஆரம்பிப்பார்கள் என்று பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். தூறல் விழுந்தது. சரி என்று ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.