ஞானப்பெற்றோராக யார் நிற்கலாம்?

தம்பி மகளுக்குச் சாந்தோமில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) நடைபெறவிருப்பதால், அதில் குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானத்தந்தை யார் என்ற பேச்சு உறவினர்களிடையே வலுத்திருக்கிறது. ஆகவே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் சொல்வதை இங்கே எழுதுகிறேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 874ஆம் விதிப்படி, அவர் 16 வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராகவும், ஏற்கும் பொறுப்புக்குப் பொருத்தமான விசுவாச வாழ்வு நடத்துபவராகவும் இருக்க வேண்டும். குழந்தையின் பெற்றோர் அப்பொறுப்பை ஏற்க இயலாது. வயதில் மட்டும் தகுந்த காரணத்துக்காகப் பங்குத்தந்தை விலக்கு அளிக்கலாம். தாய்மாமன் என்ற உரிமையோ, கனமான சங்கிலி போடும் வசதியோ அந்த விதியில் எங்கும் இல்லை (மாமாக்கள் பொறுத்தருள்க).

ஒருவரே போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்க வேண்டும், அவர்கள் தம்பதியராக இருக்கத் தேவையில்லை. கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த நண்பர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சேர்ந்து சாட்சியாக மட்டுமே நிற்கலாம்.

ஞானப்பெற்றோருக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணத்தடை இருந்தது 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில். இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கு (தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர்) இப்போது அது இல்லை. சென்னையிலும் வாழும் சீரோ மலபார் சபையினருக்கு (கேரளத்தை மையமாகக் கொண்ட கீழைக் கத்தோலிக்கர்) பொருந்தும் கீழைச் சட்டமோ அதனை இன்றும் வைத்திருக்கிறது, ஞானப்பெற்றோருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கும் இடையிலும் சேர்த்தே.

வெளியூரிலிருந்து வருபவரிடம் அவருடைய பங்குத்தந்தையின் கடிதத்தைப் பல பங்குகளில் கேட்கிறார்கள் என்பதால், தூத்துக்குடி அண்ணன் அதனை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.