அம்மாவோடு மதுரையும் ராமேஸ்வரமும்

அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. மீனாட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. கரூரிலிருந்து மதுரை மூன்று மணி நேரம்தானே, மனசு கனத்தால் பஸ் ஏறிவிடுவார். ராமேஸ்வரம் மட்டும் அமையவே இல்லை. அப்பா கல்யாணத்துக்கு முன்பே சேக்காளிகளோடு போய் வந்தவர். "ரயில் ஆள் நடக்கிற மாதிரி ஊர்ந்து போகும். கீழே எட்டிப் பார்த்தா தண்ணிதான், தண்டவாளத்துக்கு அந்தாண்டை ஒண்ணுமே இருக்காது. எல்லாரும் காசு போட்டுக் கும்பிடுவாங்க" என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்தப் பாம்பன் பாலம் எங்கள் வீட்டுக் கதையாகவே ஆகிப்போனது. ரெண்டு பேருமாகப் போய்ச் சேதுவில் முழுக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பேசினார்கள். போன பங்குனியில் அப்பா போய்விட்டார். வருஷ திதி முடிந்த கையோடு அம்மா கேட்டது இது ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முன் அக்கா பதினோரு இடங்கள் எழுதிய ஒரு பட்டியலை அனுப்பினாள். திருப்பரங்குன்றம், அழகர்கோவில், உத்தரகோசமங்கை, தேவிப்பட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று போயிற்று. எல்லாம் பார்க்க வேண்டிய தலங்கள்தாம். ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முதல் நாளே படி ஏறி இறங்கிக் கால் வீங்கிவிட்டால், ராமேஸ்வரம் கோவிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தத்தை எப்படிச் சுற்றுவது? அதனால் மதுரையில் ஒரு கோவில், ராமேஸ்வரத்தில் ஒரு கோவில் என்று முடிவு செய்தேன். இரண்டு இரவு, மூன்று பகல். அம்மாவாசை, சனி, ஞாயிறு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். ராமேஸ்வரத்தில் முன்னோர் கடன் செய்வதற்கு அம்மாவாசைதான் வேண்டும் என்றில்லை, தீர்த்தத் தலத்தில் போன அன்றே செய்யலாம் என்று எங்கள் வீட்டு ஐயர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆடி, தை அம்மாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தில் முழங்கால் வலிக்காரரை நிறுத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் நண்பகலில் மதுரை போய்ச் சேர்ந்தோம். அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும். சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலரை மணிக்குக் கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக உள்ளே போனோம். செல்போனை வெளியிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அது ஒரு பாக்கியம் என்றே நினைக்கிறேன். பொற்றாமரைக் குளத்துப் படியில் அம்மாவும் நானும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அம்மா எனக்குத் திருநீற்றுப் பதிகத்தின் கதையைச் சொன்னார். கூன் பாண்டியனின் வெப்பு நோய் தீர ஞானசம்பந்தர் பாடிய ஊர் இதுதானே. அதே சம்பந்தர் பிறகு தெற்கே தலம் தலமாகப் போய், ராமேச்சுரத்தில் தங்கி, அந்தக் கரையில் நின்றே கடலுக்கு அப்பால் ஈழத்தில் இருக்கும் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நாங்கள் போகப் போகும் வழி ஏற்கெனவே ஒரு பிள்ளை நடந்த வழிதான் என்று அம்மாவுக்கு அதில் அவ்வளவு நிறைவு.

அம்மனை முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி சந்நிதி. அதன்பின் அறைக்குப் போகாமல் பள்ளியறை பூஜை வரை இருந்தோம். மதுரைக்குப் பல தடவை போனவர்கள்கூட இதைத் தவறவிட்டிருப்பார்கள். அம்மனுக்கு மூக்குத்தி தீபாராதனை ஆகும். சொக்கநாதரின் திருப்பாதங்கள் பல்லக்கில் ஏறி, மேளத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு வந்து சேரும். பகல் முழுக்கத் தள்ளிக்கொண்டு நின்ற கூட்டம் அந்த நேரம் ஓய்ந்துபோய், இருக்கிற கொஞ்சம் பேரும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி ஒதுங்கி வழி விடுவார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயில். கார் வைத்துக்கொண்டால் வசதிதான், ஆனால் அம்மா ரயிலில்தான் கடலைத் தாண்ட வேண்டும் என்றார். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் வந்ததும் பெட்டியில் பேச்சுச் சத்தம் குறைந்தது. அப்பா போனது 1914-ல் திறந்த பழைய பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலையே கடல் கொண்டுபோன பிறகும், பழுது பார்த்து மறுபடி ஓடிய பாலம் அது. நாங்கள் போனது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். நடுவில் 72.5 மீட்டர் அளவுள்ள துண்டு, கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இது ஊர்ந்து போகவில்லை. அம்மா வீட்டிலிருந்தே ஒரு ஐந்து ரூபாய்க் காசை முந்தானையில் முடிந்து வந்திருந்தார். அவிழ்த்துக் கையில் எடுத்தவர், கடலைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கூப்பிய கைக்குள் காசு. கண்ணைத் திறக்கும்போது பாம்பன் வந்துவிட்டது. "போட மறந்துட்டேனே" என்று பதறினார். அக்னி தீர்த்தத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

பதினொரு மணிவாக்கில் ராமேஸ்வரம். அன்று கோவிலுக்குள் போகவில்லை. நீராடாமல் ராமநாதரைப் பார்ப்பதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். சாயங்காலம் ஆட்டோ பிடித்துக் கோதண்டராமர் கோவிலுக்கும் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கும் போனோம். விபீஷணனுக்கு ராமர் முடிசூட்டிய இடம் என்று போற்றப்படும் கோவில். சுற்றிலும் எல்லாவற்றையும் துடைத்துப் போட்ட 1964 புயலுக்கும் தப்பி நிற்கிறது. முனைக்குப் போகிறவர்கள் வெயில் தாழ்ந்து கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே அம்மா குனிய முடியாமல் குனிந்து மணலை ஒரு பிடி அள்ளி, வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்த சின்னப் பித்தளைச் சம்புடத்தில் போட்டு மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதிகாலை நாலரைக்கே வாசலில் நின்றோம். ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அந்த ஒரு மணி நேரம்தான். மூலவருக்கு முன்னால் வைத்துப் பாலாபிஷேகம் செய்வார்கள். தீபத்தைப் பின்னால் காட்டும்போது லிங்கம் முழுக்க வெளிச்சம் நிறைந்து நிற்கும். நீராடாமல் தரிசனமா என்று அம்மா தயங்கினார். ஸ்படிகலிங்க தரிசனம் முடித்து, பிறகு தீர்த்தமாடி, மறுபடி ராமநாதரைக் கும்பிடுவதுதான் பலருடைய வழக்கம் என்று பக்கத்தில் நின்ற ஒரு உள்ளூர்ப் பாட்டி சொன்ன பிறகே சமாதானமானார்.

பிறகு அக்னி தீர்த்தம். பெயர்தான் கடல், அலை கிடையாது. குளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கலாம். கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டத்தைக் கடலில் கரைத்து மூன்று முறை முழுகினேன். தட்சணையை முதலிலேயே பேசிக்கொண்டு உட்காருங்கள். எழுந்த பிறகு பேசினால் மனசு கசந்துவிடும். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்த ஐந்து ரூபாயை விட்டார்.

இனி சேலை விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். வயசானவர்களை நூல் சேலையில் தீர்த்தமாட அழைத்துப் போகாதீர்கள். நாலு கிணற்றுத் தண்ணீர் விழுந்ததும் அது ஈரச் சாக்கு மாதிரி கனத்து, காலோடு ஒட்டி, நடக்கவே விடாது. அம்மாவுக்கு ஒரு பழைய நைலக்ஸ் சேலையைக் கட்டிவிட்டது என் மனைவியின் யோசனை. மாற்று உடை ஒரு பையில், துண்டு இரண்டு, அவ்வளவுதான் கையில். தீர்த்தக் கட்டணம் நாங்கள் போனபோது ஆளுக்கு 25 ரூபாய். வெளியே ஒருவர், வரிசையே இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று ஆயிரத்தைந்நூறு கேட்டார். வரிசை அரைமணிதான் ஆனது.

மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி என்று தீர்த்தங்கள் ஆரம்பிக்கும். கிணற்றின் மேல் விளிம்பில் கால் பரப்பி நிற்கிறார் ஒருவர். கயிறு கட்டிய வாளியை விடுகிறார், சுண்டி இழுக்கிறார், ஒரே வீச்சில் நம் தலையில் கவிழ்க்கிறார். அம்மாவைப் பார்த்ததும் அவர் வீச்சை அடக்கி, "பாட்டி, கொஞ்சம் குனிஞ்சுக்கங்க" என்று உச்சியில் மெதுவாகச் சரித்தார். ஒரு கிணற்றில் நீர் சில்லென்று, இன்னொன்றில் வெதுவெதுவென்று. கூப்பிடு தூரத்தில் கடல், ஆனால் உதட்டில் பட்ட நீரில் உப்புக் கரிப்பில்லை. தரை முழுக்க ஈரம், வழுக்கும். சுவரோரமாகவே அம்மாவை நடத்தினேன். சங்கு, சக்கரம் தாண்டியதும் "போதுமாம்மா?" என்றேன். "உங்கப்பாவுக்கும் சேர்த்து முழுகறேன்டா, பாதியில விடச் சொல்றியா?" என்றார். கங்கை, யமுனை, கயா தாண்டி, கடைசியாகக் கோடி தீர்த்தம். அங்கே தலையில் தண்ணீர் விழுந்தபோது அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு.

ஈரத்தோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். உடை மாற்றிக்கொண்டு, மதுரையில் வாங்கிய சுங்குடிச் சேலையில் அம்மா ராமநாதர் முன்னால் நின்றார். சீதை மணலால் பிடித்த லிங்கம் என்று நினைக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கு முதல் பூஜை என்பதும் அப்படித்தான். தாமதமாக வந்தவனுக்கும் மனம் நோகாமல் ராமர் வைத்த முறை அது. பர்வதவர்த்தினி அம்மனைக் கும்பிட்டு மூன்றாம் பிராகாரத்துக்கு வந்தோம். 1212 தூண்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி முடித்த திருப்பணி. அம்மா ஒரு தூணடியில் உட்கார்ந்து, காலை நீட்டி, எங்கே முடிகிறது என்று தெரியாத அந்தத் தூண் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணிக்கு நடை சாத்தும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அக்காவின் பட்டியலில் மீதி இருக்கிற தேவிப்பட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை மூன்றும் ராமநாதபுரத்தில் தங்கித் தனியாகப் பார்க்க வேண்டியவை. ராமர் தர்ப்பையில் படுத்துக் கடலரசனுக்காகக் காத்திருந்த திருப்புல்லாணியை அரைமணியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பித்தளைச் சம்புடத்தைப் பூஜை மாடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சேது மணலைப் பிரயாகையில் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும், அதுதான் முறை. "காசிக்கு எத்தனை நாளைக்கு முன்னாடி டிக்கெட் போடணும்?" என்று கேட்டார். அறுபது நாள் என்றேன். காலண்டரை எடுத்து வரச் சொன்னார்.