மன்னாரோடு போன யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண அரசு 1619இல் விழுந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். அதன் உயிர்நாடி அறுந்தது 1560இல், மன்னாரில் என்பதே என் முடிவு.

நெல்லை நம்பி வளர்ந்த அரசல்ல இது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, வயல் மாரி மழையோடு சரி. செல்வம் கடலால் வந்தது. 1344இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தி எனப்பட்ட யாழ்ப்பாண அரசனைக் கண்ட பயணி இபின் பதூதா, அவர் முன்னிருந்த முத்துகளையும் கரையில் குவிந்துகிடந்த கறுவாவையும் எழுதியிருக்கிறார். வன்னி யானைகளும் கப்பலேறின. அரசர்களின் காசில் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் இருந்தன.

முத்துக்குளிப்பு, கடல் அடங்கிக்கிடக்கும் மாசி முதல் சித்திரை வரைக்குள் சில கிழமைகளே நடந்தது. கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்குபவர் ஒரு நிமிட அளவில் சிப்பியை அள்ள வேண்டியிருந்தது. மேலே நின்றவர் கயிற்றை இழுத்தார். சிப்பியைக் கரையில் அழுகவிட்டு, கழுவி அரித்தபிறகே முத்து கிடைத்தது. சில ஆண்டுகள் பாரில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டில், சிப்பியே இருக்கவில்லை. ஆகவே பாருக்குக் கிட்டிய மன்னார்த் துறையும் கரையோரச் சனத்தின் பற்றும் அரசனுக்குக் கட்டாயம் வேண்டியிருந்தன.

யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி துணிச்சல்காரன், போர்த்துக்கேயரை யாரென்று சரியாக அறிந்தவன். ஆனால் 1544இல் கத்தோலிக்கரான மன்னார்ச் சனத்தில் அறுநூறு பேரளவில் கொன்றான். கொடுமை அது, அரசியலிலும் பெரும் பிழை. அடுத்த ஆண்டு பழிவாங்கப் புறப்படவிருந்த படை, யாழ்ப்பாணக் கரையில் உடைந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பலின் சரக்கு அவன் கையில் சிக்கியதால் நின்றுபோனது.

1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா வந்து தலைநகர் நல்லூரைப் பிடித்தான். அரசன் வன்னிப் பக்கம் ஒதுங்கினான். சனம் கிளர்ந்தெழ, போர்த்துக்கேயர் குடாநாட்டை விட்டுப் போனார்கள். வெற்றி என்றே தோன்றும். போனவர்களோ மன்னாரில் கோட்டை கட்டி, தமிழகக் கரையின் புன்னைக்காயலிலிருந்து முத்துக்குளிக்கும் பரவரைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். பார், குளிப்பவர், நீரிணைக் காவல் மூன்றும் ஒரே அடியில் கைமாறின.

மன்னாரை மீட்கப் புறப்பட்ட பிந்திய அரசன் புவிராஜ பண்டாரம் தோற்று, 1591இல் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் தயவில் அரசனானான். 1619இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் உதவியை நாடியது கடைசி அரசன் இரண்டாம் சங்கிலி. நல்லூர் முத்திரைச் சந்தியில் சங்கிலியின் சிலையைக் கடந்துபோகும் பலர் இரண்டு சங்கிலிகளையும் ஒருவராக எண்ணுகிறார்கள். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடக்கிறது. போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்தபோது, தஞ்சைப் படை வந்திறங்கியும் பலனில்லை. மன்னாரில் ஏறத்தாழ அறுபது ஆண்டாக வேரூன்றியிருந்தவர்களைக் கடலில் மறிக்க நல்லூரிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.