தம்பிக்கு வேலை தேடுகிறோம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் என் மகன் தம்பிக்குப் போக இடமில்லை. தொழிற்பயிற்சி மையத்தில் மூன்று வருடம் முடிந்துவிட்டது, அடுத்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள், நான்தான் மே முழுக்க அதைப் பற்றி யோசிக்காமல் ஓட்டினேன். காலை எட்டு மணிக்குக் குளித்து, சட்டையை இன் பண்ணி, டிபன் பையோடு வாசலில் வந்து நின்றான். "வேன் வராது தம்பி" என்றேன். "வேன் வராது" என்று அப்படியே திருப்பிச் சொன்னான். ஒன்பதரை வரை நின்றான்.

(வீட்டில் அவனுக்குத் தம்பி என்றுதான் பேர். அவன் அக்கா கூப்பிட்டது, எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. வயது 23. ஆட்டிசம்.)

மூன்று வருடத்தில் கற்றது காகிதக் கவர், மெழுகுவர்த்தி, தீபாவளிக்கு அகல் விளக்கில் பெயின்ட். எங்கே போனாலும் நம் பிள்ளைகளுக்கு ஏன் காகிதக் கவரே எழுதியிருக்கிறதோ. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது பாஸ் செய்தவன். தமிழ், ஆங்கிலம் இரண்டும் டைப் அடிப்பான், தப்பு விடமாட்டான், வேகம்தான் கம்மி.

ஜூன் 7, வெள்ளி

பீரோவில் இருந்த பேப்பர்களை எல்லாம் எடுத்து அடுக்கினேன். மருத்துவச் சான்று, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை), ஆட்டிசம் எவ்வளவு என்று பார்க்கிற ஐசா மதிப்பீட்டுத் தாள். அந்தத் தாளில் 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க், மொத்தம் 70-ஐத் தொட்டால்தான் ஆட்டிசம் என்பார்கள். வாழ்க்கையில் மார்க் கம்மியாக வரட்டும் என்று வேண்டிக்கொண்ட பரீட்சை அது ஒன்றுதான். அப்புறம் சலுகை வேண்டுமே என்று அதே மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் போட மாட்டார்களா என்றும் நினைத்திருக்கிறேன், ஒளிப்பானேன்.

அரசு பேப்பர்களில் தமிழில் "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்" என்று பார்த்திருக்கிறேன். புற உலகச் சிந்தனை இல்லையாம்! பக்கத்து வீட்டு மோட்டார் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அரசு வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காக: 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகையாக்கி உள்ளே சேர்த்தார்கள். இட ஒதுக்கீடு 4 சதவீதம். பார்வை, செவி, கை கால் குறைபாடு உள்ளவர்களுக்குத் தலா ஒன்று. மிச்சமுள்ள ஒன்றில்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம். அந்த வரிசையிலும் நிற்கத்தான் போகிறோம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது, தனியார் கம்பெனியில் இந்தக் கணக்கே கிடையாது.

ஜூன் 14, வெள்ளி

முதல் இன்டர்வியூ. ஒரு பெரிய கம்பெனி, டேட்டா என்ட்ரி வேலை, மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்பு தருகிறோம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். என்னையும் உள்ளே விட்டது அவர்கள் நல்ல குணம். ஏசி அறை, கண்ணாடி மேஜை, எதிரே மூன்று பேர்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க."

பேர், கதவு எண், தெரு, நங்கநல்லூர், பின்கோடு, ரத்த வகை, என் போன் நம்பர், அம்மா போன் நம்பர். தொலைந்து போனால் சொல்வதற்காக ஐந்து வயதில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது. இத்தனை வருடத்தில் அவனிடம் அவனைப் பற்றிச் சொல் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் அதுதான் வந்தது.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்?"

"அப்பா வேணும்னு சொன்னாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. கூப்பிடுகிறோம் என்றார்கள். கம்ப்யூட்டர் அதே அறையில் இரண்டடி தள்ளி இருந்தது, ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

திரும்பும்போது நான் பேசவில்லை. பழவந்தாங்கலில் இறங்கினதும் "இன்டர்வியூ முடிஞ்சுது" என்று இரண்டு தடவை சொன்னான். பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 22, சனி

பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த விஷயம் எனக்குத் தெரிந்தே இருக்காது. மகளை ஒரு பேக்கரியில் சேர்த்துவிட்ட ஒரு அம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னது இது: "சார், நாம எல்லாம் பிள்ளையை முழுசா தயார் பண்ணிட்டு அப்புறம் வேலைக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அது நடக்காது. இங்க கத்துக்கிட்டதை அங்க கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கத்தான் இவங்களுக்குக் கஷ்டம். முதல்ல இடத்தைப் பிடிங்க. அந்த இடத்துலயே, அந்த நாற்காலியிலயே வச்சுச் சொல்லிக்கொடுங்க. கூட ஒரு ஆள் நிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா அந்த ஆள் விலகணும்."

கூட நிற்கிற ஆளுக்கு ஜாப் கோச் என்று பேர். மாற்றுத்திறனாளிகளை வேலையில் சேர்க்கவென்றே பெங்களூரில் 1999-லிருந்து எனேபிள் இந்தியா என்கிற அமைப்பு இருக்கிறது. எஸ்.ஏ.பி. என்கிற சாஃப்ட்வேர் கம்பெனி 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தபோது பெங்களூர் அலுவலகமும் அதில் இருந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தக் கதைகளில் வருகிற பையன்கள் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள். அதைப் படித்துவிட்டு எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள், "உங்க பையனுக்கு ஸ்பெஷலா என்ன வரும்? தேதி சொன்னா கிழமை சொல்வானா?" சொல்ல மாட்டான். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வான். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போதும் என்றால் இவனுக்கு மட்டும் ஏன் போதாது?

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருக்கிற மத்திய அரசு வேலைவாய்ப்பு மையத்துக்கும் (பழைய ஆட்களுக்கு இன்னும் அது வி.ஆர்.சி.தான்) வியாழக்கிழமை போய்ப் பதிந்துவிட்டு வந்தோம். அதற்கு இந்த ஒரு வரி போதும், க்யூ நீளம், வெயில்.

ஜூலை 1, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது. மாம்பலத்தில் ஒரு ஆடிட்டர், என்னோடு வேலை பார்த்தவரின் மைத்துனர். பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தாராம், ஆர்ட்டிகிள்ஷிப் பையன்கள் (சி.ஏ. படிப்புக்காக அங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள்) யாரும் தொடமாட்டேன் என்கிறார்களாம். "ஒரு மாசம் பார்க்கலாம் சார். ஆனா ஜூலை கடைசி என் ஆபீஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கும், முப்பத்தொண்ணு இன்கம் டாக்ஸ் ரிட்டர்னுக்குக் கடைசி தேதி. இப்பவே சொல்லிட்டேன்."

மூன்று வாரம் லீவு போட்டேன். ஜாப் கோச் நான்தான்.

வேலை இப்படி. பாக்ஸ் ஃபைலைத் திறக்கணும், டேக்கை உருவணும், ஸ்டேப்ளர் பின்னை எடுக்கணும், மடிந்த மூலையை நிமிர்த்தணும், ஸ்கேன் போடணும், வாடிக்கையாளர் பேர், வருடம் போட்டு சேவ் பண்ணணும், பழையபடி கட்டி வைக்கணும். பின் எடுப்பதை மட்டும் நீங்கள் பார்க்கணும். நான் நகத்தால் பிய்த்துப் பேப்பரையும் கிழித்தேன். அவன் பின்னின் இரண்டு காலையும் முதலில் நிமிர்த்தி, பேப்பரைத் திருப்பி, அந்தப் பக்கத்திலிருந்து அப்படியே உருவினான். எடுத்த பின்னை எல்லாம் ஒரு டப்பா மூடியில் ஒரே திசையில் அடுக்கினான்.

பதினோரு மணிக்கு வேலையை அப்படியே நிறுத்திவிட்டான். நாற்பது நிமிடம், கை மடியில், திரையையே பார்த்துக்கொண்டு. கோபம் இல்லை, அழுகை இல்லை, வெறுமனே நிறுத்திவிட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு நானே ஃபைலைப் பார்த்தேன். மேலே அட்டையில் 2013-14. உள்ளே ரிட்டர்னில் 2014-15. ஒன்று சம்பாதித்த நிதியாண்டு, ஒன்று அதற்கு வரி கணக்கிடுகிற அடுத்த வருடமான மதிப்பீட்டாண்டு, வரிக்காரர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. வேறு யாராவது என்றால் "எதைப் போடணும் சார்" என்று கேட்டிருப்பார்கள். கேட்பது என்கிற அந்த ஒன்றுதான் அவனுக்கு வராது. ஆடிட்டரைக் கேட்டு, "உள்ளே ரிட்டர்னில் இருக்கிற வருடத்தைப் போடு" என்று ஒரு அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். படித்தான். தொடர்ந்தான்.

ஜூலை 4, வியாழன்

வேலையில் பிரச்சினை இல்லை. வேலைக்கு நடுவில் வருகிற சும்மா நேரம்தான் பிரச்சினை. நேற்று ஸ்கேனர் மாட்டிக்கொண்டது, ஆபீஸில் இருக்கிற சீனியர் அம்மா "சரி பண்றேன், சும்மா இருப்பா" என்றார். சும்மா இருப்பது எப்படி என்று யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்? எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான், மூக்கால் ஒரு ஓசை வரும் அவனுக்கு, அதோடு. அவர் பயந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ராத்திரி அவன் அம்மா (பள்ளிக்கூட டீச்சர்) உட்கார்ந்து இரண்டாவது அட்டை எழுதினாள்: மெஷின் நின்றால், பச்சை அட்டையை மேஜை மேல் நிறுத்து. நாற்காலியில் உட்கார். அடுத்த ஃபைலில் பின் எடு. டீ வந்தால், உட்கார்ந்தே குடி. டம்ளரைத் தட்டில் வை. இன்று இரண்டு தடவை பச்சை அட்டை நின்றது. இரண்டாவது தடவை அந்த அம்மாவே "என்ன தம்பி, மெஷின் நின்னுடுச்சா?" என்று எழுந்து வந்தார்.

ஜூலை 15, திங்கள்

நான் விலகுகிற வேலை. முதல் வாரம் பக்கத்து நாற்காலி, அப்புறம் கதவோரம், அப்புறம் மாடிப்படி, இன்று கீழே டீக்கடை. மூன்று மணி நேரத்தில் நான்கு டீ. எனக்கு யாராவது ஒரு அட்டை எழுதிக் கொடுத்தால் தேவலை.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய், இன்று முழுக்க வராது என்று எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இவன் மட்டும் கிளம்பவில்லை. ஐந்தரைக்குத்தான் முடியும் என்று அவனுக்குச் சொன்னது நான்தானே. கடைசியில் மேலே போய், அட்டையில் "கரண்ட் இல்லையென்றால்" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் பையை எடுத்தான்.

லீவு வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது. லீவு போட முடியாத, தினக்கூலிக்குப் போகிற அப்பா அம்மா என்ன செய்வார்கள்? பயிற்சிக்குத் திட்டம் உண்டு, சான்றிதழுக்குத் திட்டம் உண்டு, இந்த மூன்று வாரம் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கேட்டால்தான் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

ஆடிட்டர் சொன்ன சந்தைக்கடை. நான் அங்கே இல்லை, சீனியர் அம்மா போனில் சொன்னது. ஆபீஸ் முழுக்க ஆள், ஒருவர் ரீஃபண்ட் வரவில்லை என்று கத்தியிருக்கிறார். தம்பி காதுக்கு மாட்டுகிற மஃப்பை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் கையையும் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தானாம். அந்த ஆள் கத்துவதை நிறுத்திவிட்டு "இவருக்கு என்ன?" என்று கேட்டாராம்.

"அவர் ஸ்கேனிங் பார்க்கிறவர் சார். நீங்க மெதுவாப் பேசுங்க."

ஆகஸ்ட் 2, வெள்ளி

முதல் சம்பளம். ஆறாயிரம், கவரில். கவர்! சிரித்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பேங்கில் போடுகிறாராம், அதற்குக் கணக்கு வேண்டும். ஒரு பேங்கில் கார்டியன் சான்றிதழ் கேட்டார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் கமிட்டி உண்டு, மனு கொடுத்தால் எங்களைப் பாதுகாவலராக நியமிப்பார்கள். வாங்கலாம்தான். ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்தவன், மாதம் 400 பக்கத்துக்கு மேல் வரித்தாள் கையாளுகிறவன், சொந்தச் சம்பளத்தை எடுக்க நான் கையெழுத்துப் போடணுமா? அவன் அம்மா "வாங்கி வைங்க, நாம எத்தனை நாள் இருப்போம்" என்கிறாள். அவள் சொல்வதும் சரி. இன்னும் முடிவுக்கு வரவில்லை. முதலில் வேறு கிளையில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்த வாரம் தனியாகப் போய் வந்தான், சீசன் டிக்கெட்டோடு. பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம் என்று விரலை மடக்கிக்கொண்டே போவான். திங்களும் செவ்வாயும் அடுத்த பெட்டியில் ஏறி நான் பின்னால் போனதை அவன் பார்த்தானா தெரியவில்லை. புதன்கிழமை முதல் போகவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது "ரெண்டு ரேக் முடிஞ்சுது. மூணு ரேக் இருக்கு" என்றான். நான் கேட்காமல் அவனாக ஆபீஸைப் பற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் அம்மா அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். எனக்கு மட்டும் கணக்கு ஓடியது. ரேக்குக்கு மூன்று வாரம், மூணு ரேக், அக்டோபர் இரண்டாவது வாரம். அதற்கப்புறம் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று திங்கட்கிழமை ஆடிட்டரைப் பார்த்துக் கேட்கணும்.