கணக்கைக் காட்டும் விருது

சென்னையில் நான் வேலை பார்க்கும் நிறுவனம், இங்கிலாந்து, அமெரிக்கப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கிறது. லண்டனில் ஒருவர் கடையில் வாங்கும் நாவலின் உள்பக்கங்கள் சென்னையிலோ புதுச்சேரியிலோ உருவாகியிருப்பது இன்று சாதாரணம். சட்டம், மருத்துவம், பாடநூல் என்று எல்லாம் எங்கள் மேசைக்கு வரும். நடுவே அறிவியல் புனைகதைகளும் வரும். அந்த வகை எழுத்துக்கான ஹியூகோ விருது எனக்கு அறிமுகமானது அவற்றின் வழியாகத்தான். சில மாதங்களுக்கு முன் நாங்கள் முடித்து அனுப்பிய கோப்பு, மறுபதிப்புக்காகத் திரும்பி வரும். திருத்தப் பட்டியலின் முதல் வரி இப்படி இருக்கும்: ‘முன்பக்கத்தில் ஹியூகோ விருது பெற்ற நாவல் என்று சேர்க்கவும்.’ கூடுவது ஒரு வரிதான். ஆனால் பதிப்பகத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களின் வேகமே மாறிவிடும்.

அந்த ஒரு வரியைத் தருகிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு இந்த வேலையை நான் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. இலக்கிய விருது என்றால் பெரும்பாலும் ஐந்தாறு பேர் கொண்ட நடுவர் குழு இருக்கும். அறிவியல் புனைகதைக்கான இன்னொரு விருதான நெபுலாவுக்கு எழுத்தாளர்கள் தங்களுக்குள் வாக்களிக்கிறார்கள். ஹியூகோவைத் தீர்மானிப்பவர்கள் வாசகர்கள். ‘வேர்ல்ட்கான்’ எனப்படும் உலக அறிவியல் புனைகதை மாநாடு ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் கூடும். அதன் உறுப்பினர்கள்தான் வாக்காளர்கள். 1953இல் பிலடெல்பியா மாநாட்டில் முதன்முதலாக வழங்கப்பட்ட இந்த விருது, 1926இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதற்கு நிரந்தர அலுவலகமோ தலைவரோ கிடையாது. இருப்பது ஒரு சட்டவிதித் தொகுப்பு. அந்தந்த ஆண்டின் மாநாட்டைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், வாக்குகளையும் அவர்களே எண்ணுகிறார்கள்.

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், இலங்கையை மாதிரியாகக் கொண்ட தீவொன்றில் நடக்கும் நாவலுக்காக 1980இல் இதே விருதைப் பெற்றார். 2024இன் நாவல் இறுதிப் பட்டியலில் இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகர இருந்தார். நம் பக்கத்து மண்ணுக்கும் இந்த விருதுக்கும் உறவு உண்டு என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

மாநாட்டுக்கு நேரில் போகாமல் வாக்களிக்க மட்டும் உறுப்பினராகலாம். கட்டணம் சுமார் 50 டாலர். நான் சேர்ந்ததைக் கேள்விப்பட்டு என் குழுவின் இளையவர் ஒருவர் கேட்டார்: “காசு கொடுத்தால் ஓட்டு கிடைக்கும் என்றால் அது எப்படி சார் நியாயமான தேர்தல்?” நல்ல கேள்வி. அதற்கு என்னால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. பல மதிய இடைவேளைகளில் நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். இந்தக் கட்டுரையில் இருப்பது அந்தப் பேச்சின் சாரம்தான்.

முதலில் பரிந்துரைச் சுற்று. நடப்பு ஆண்டு உறுப்பினர்களும் முந்தைய ஆண்டு உறுப்பினர்களும் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து படைப்புகள் வரை எழுதி அனுப்பலாம். முந்தைய நாட்காட்டி ஆண்டில் வெளியானவையே தகுதி பெறும். இந்த இடத்தில் விதிகள் காட்டும் நுணுக்கத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரசிப்பார்கள். டிசம்பரில் கடைக்கு வரும் புத்தகத்தின் காப்பிரைட் பக்கத்தில் அடுத்த ஆண்டை அச்சிடும் வழக்கம் உண்டு. அந்தப் பக்கத்தை வடிவமைக்கும்போது எந்த ஆண்டு என்று பதிப்பகத்திடம் நாங்கள் கேட்டு உறுதி செய்துகொள்வோம். ஹியூகோ விதிப்படி வெளியான தேதிதான் முக்கியம், காப்பிரைட் ஆண்டு அதற்குப் பின்னால்தான். வேற்றுமொழியில் முன்பே வந்த படைப்பு, ஆங்கிலத்தில் முதலில் வெளியாகும் ஆண்டில் மறுபடி தகுதி பெறுகிறது. நீளத்துக்கும் அளவு உண்டு. 7,500 சொற்களுக்குக் கீழ் இருந்தால் சிறுகதை, 40,000 சொற்களைத் தொட்டால் நாவல். இடையில் இருப்பவை 17,500 என்ற எல்லையில் பிரிந்து இரண்டு குறுநாவல் பிரிவுகளில் சேரும்.

பரிந்துரையிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு படைப்புகள் இறுதிச் சுற்றுக்குப் போகின்றன. அப்போது வாக்காளர்கள் படிப்பதற்காகப் பதிப்பகங்கள் மின்பிரதிகளைத் தருவது வழக்கம். ஓர் ஆண்டு அந்தத் தொகுப்பைத் திறந்தபோது எங்கள் குழு வடிவமைத்த பக்கங்களே பிடிஎஃப் வடிவில் என் முன்னால் இருந்தன. நீளமான கிரகப் பெயர் ஒன்று வரிக் கடைசியில் அசிங்கமாக உடைந்து நின்றதும், அதைச் சேர்த்து நிறுத்த அந்தப் பத்தி முழுவதும் சொல் இடைவெளியை மயிரிழை அளவு இறுக்கியதும், அதனால் அடுத்த பக்கத்தின் உச்சியில் ஒற்றை வரி அனாதையாகப் போய் நின்றதும் நினைவுக்கு வந்தன. வேலையாகப் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் வரிகளைத்தான் பார்த்தேன். வாக்காளனாகத் திறந்தபோதுதான் கதையைப் படித்தேன். நல்ல நாவல். என் சீட்டில் அதை மூன்றாவதாக வைத்தேன், அதைவிட நல்லவை இரண்டு இருந்தன.

மூன்றாவதாக வைப்பது என்றால் என்ன என்பதுதான் இறுதி வாக்கின் அழகு. ஒன்றுக்கு மட்டும் முத்திரை குத்திவிட்டுப் போகிற முறை இல்லை இது. ஆறையும் விருப்ப வரிசையில் அடுக்கலாம். முதல் விருப்பங்களை எண்ணும்போது யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பது நீக்கப்படும். அந்தச் சீட்டுகள் அவரவர் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும். ஒன்று பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். சிலர் வெறித்தனமாக நேசித்து மற்றவர்கள் வெறுக்கும் புத்தகம் இந்த முறையில் சுலபமாக ஜெயிக்க முடியாது. பலரும் இரண்டாவதாகவாவது வைக்க விரும்பும் புத்தகம் மேலே வரும். நாற்பது, ஐம்பது பேர் படித்துவிட்டுக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்கு, கணக்கில் இதைவிட நெருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

சீட்டில் ஏழாவதாக ஒரு பெயரும் உண்டு: ‘விருது இல்லை.’ அதையும் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எண்ணி முடித்து ஒரு வெற்றியாளர் வந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. வெற்றி பெற்ற படைப்பை ‘விருது இல்லை’க்கு மேலே வைத்தவர்கள் எத்தனை பேர், கீழே வைத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். கீழே வைத்தவர்கள் அதிகம் என்றால் அந்தப் பிரிவில் அந்த ஆண்டு விருதே கிடையாது. வாசகருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த வேறு இலக்கிய விருதை நான் பார்த்ததில்லை.

அந்த உரிமை பெரிய அளவில் பயன்பட்ட ஆண்டு 2015. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மாநாடு. விருது தங்கள் ரசனைக்கு விரோதமாகப் போகிறது என்று குறைப்பட்ட இரண்டு குழுக்கள், நாய்க்குட்டிகள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் பரிந்துரைக்க வேண்டும் என்று பட்டியல் வெளியிட்டன. மற்ற வாசகர்களின் பரிந்துரைகள் நூற்றுக்கணக்கான தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். அந்த நிலையில், ஒரே பட்டியலை அப்படியே எழுதி அனுப்பும் சில நூறு பேர் போதும், எல்லா இடங்களையும் பிடித்துவிடலாம். பல பிரிவுகளில் அதுதான் நடந்தது. இறுதிச் சுற்றில் 5,950 பேர் வாக்களித்தார்கள். ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ வென்றது.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். மார்கோ க்ளூஸ் என்ற எழுத்தாளர், தன் நாவல் அந்தப் பட்டியல் வழியாக உள்ளே வந்திருப்பதை அறிந்து, தானே விலகிக்கொண்டார். காலியான இடத்தில் சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவல் நுழைந்தது. மொழிபெயர்த்தவர் கென் லியூ. அதுவே வென்றது. மொழிபெயர்ப்பாக வந்து நாவல் பிரிவில் ஹியூகோ பெற்ற முதல் படைப்பு அது. தன் பெயர் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்த ஒருவரால் திறந்த வாசல்.

அடுத்து, கூட்டுப் பட்டியல்களின் பலத்தைக் குறைக்கப் பரிந்துரைகளை எண்ணும் முறையையே திருத்தினார்கள். மாநாட்டின் சட்டவிதிக் கூட்டத்தில் எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு மாநாடுகள் அதை ஏற்றால்தான் செல்லும். கோபத்தில் ஒரே நாளில் விதியை மாற்ற முடியாது. 2015இல் நிறைவேறி, 2016இல் கான்சஸ் சிட்டியில் உறுதியாகி, 2017இல் ஹெல்சிங்கியில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

என் இளைய சகாவுக்கு நான் இதை எக்செல் தாளில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிரிவில் ஒரு புள்ளி. ஐந்து படைப்புகள் எழுதியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டை எடுத்து, அவற்றில் குறைவான பேர் பரிந்துரைத்ததை நீக்குகிறார்கள். நீங்கியதன் பங்கு அந்தந்தச் சீட்டில் எஞ்சியவற்றுக்குப் பிரிந்து போகும். ஆறு எஞ்சும்வரை இப்படியே. 200 பேர் ஒரே ஐந்தை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 40 புள்ளிதான். 60 பேர் விரும்பிய ஒரு நாவல், அவர்கள் எழுதிய மற்றவை நீங்கிப்போன நிலையில், 60 புள்ளிகளோடு நிற்கும். கூட்டாக வந்தவை கீழே ஒன்றோடொன்று மோதி ஒவ்வொன்றாக வெளியேறும். கடைசியில் ஒன்றிரண்டுக்கு இடம் கிடைக்கலாம். அது நியாயம்தான், அவர்களும் வாசகர்கள். மொத்தமாக அள்ளிக்கொண்டு போக மட்டும் முடியாது. தாளில் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “யாரையும் தடை செய்யாமலே தடுத்துவிட்டார்களே சார்!” என்றார்.

ஆனால் எண்ணுகிறவர்களே வழி மாறினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. 2023இல் மாநாடு சீனாவின் செங்டுவில் நடந்தது. பரிந்துரை, வாக்கு விவரங்களை 90 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அக்டோபரில் விருது கொடுத்தவர்கள், கெடுவின் விளிம்பில், 2024 ஜனவரி 20இல் வெளியிட்டார்கள். போதுமான பரிந்துரை பெற்றிருந்த ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவலுக்குப் பக்கத்தில் ‘தகுதியில்லை’ என்று இருந்தது. காரணம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்கள், விருதை நிர்வகித்தவர்களில் சிலர், பரிந்துரை பெற்றவர்கள் சீனா, தைவான், திபெத் பற்றி எழுதியதையும் பேசியதையும் துருவிக் குறிப்பெடுத்திருந்ததைக் காட்டின. அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. பல மாதம் ஒரு நாவலின் பக்கங்களோடு உழைப்பவர்களுக்கு, அதன் பெயரை யாரோ காரணம் சொல்லாமல் அடித்துவிட முடியும் என்பது தாங்க முடியாத விஷயம். இருந்தாலும் ஒன்றைக் கவனித்தேன். 90 நாள் விதி மட்டும் இல்லையென்றால் அந்த ‘தகுதியில்லை’ யார் கண்ணிலும் பட்டிருக்காது.

2024 ஆகஸ்டில் நடந்த கிளாஸ்கோ மாநாட்டின் குழு வேறு வழியில் போனது. தகுதிநீக்கம் ஏதும் இருந்தால் அதன் காரணத்தை இறுதிப் பட்டியலோடே சொல்வோம் என்று முன்கூட்டியே அறிவித்தது. முழு எண்ணிக்கையை விருது விழா முடிந்தவுடன் வெளியிட்டது. நடுவே ஜூலையில் ஒரு சோதனை வந்தது. பதிவான 3,813 வாக்குகளில் 377 ஒரே படைப்பாளருக்குச் சாதகமாகப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்யப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். அவற்றை நீக்கி, நீக்கியதை அறிவித்தார்கள். அந்தப் படைப்பாளருக்கு இது தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லாததால் அவரைத் தகுதிநீக்கம் செய்யவில்லை, பெயரையும் வெளியிடவில்லை. காசு கொடுத்தால் ஓட்டு கிடைக்குமா என்ற கேள்விக்கு என் சகாவிடம் நான் காட்டியது அந்த அறிக்கையைத்தான். ஓட்டு கிடைக்கும். ஆனால் அது எண்ணப்படும் விதம் எல்லோர் கண்முன்னாலும் இருக்கும். இந்த விருதின் மீது நான் வைத்திருக்கும் மரியாதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கட்டணத்தைப் பற்றி எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. 50 டாலர் என்பது நான்காயிரம் ரூபாய்க்கு மேல். லண்டன் வாசகருக்கு அது இரவு உணவுச் செலவு. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அது மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. புத்தகத்தை உருவாக்கும் கைகள் பல இந்தத் தொகையால் வெளியே நிற்கின்றன. கட்டணத்தைத் தீர்மானிப்பது அந்தந்த ஆண்டின் மாநாட்டுக் குழு. வருமானம் குறைந்த நாடுகளின் வாசகர்களுக்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டு வருகிறேன், தொடர்ந்து கேட்பேன். 2025இல் சியாட்டில் மாநாடு தன் சட்டவிதிக் கூட்டத்தை இணையவழியில் நடத்தியது. விமான டிக்கெட் இல்லாமலே விதிகளைப் பற்றிப் பேச வழி பிறந்திருக்கிறது.

என் சகா கூடுதல் நேர வேலையில் கிடைத்த பணத்தில் இந்த முறை உறுப்பினராகிவிட்டார். பரிந்துரைப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். படித்ததில் பிடித்தது மூன்று என்றால் மூன்றே எழுதுங்கள், புள்ளி மூன்றாகத்தான் பிரியும். அவர் மூன்று நாவல்களை எழுதிவிட்டு, சிறுகதைப் பிரிவுக்கு இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று படிவத்தைச் சேமித்து வைத்தார். கெடு முடியும்வரை மாற்றிக்கொள்ளலாம்.