ஏழு மணிக் கூட்டம்

நவம்பர் 2, 2025, ஞாயிறு, கோத்தகிரி

ராத்திரி மழையில் கோல் கம்பத்தடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. அப்படியும் 26 பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள்.

முடிந்ததும் எங்கள் வட்டாரக் கால்பந்து சங்கத் தேர்தல் பேச்சு வந்தது. செயலாளர் பதவிக்கு நிற்கிறேன் என்றேன். சங்கத்துப் பெரியவர் ஒருவர், "டீச்சர், பணம் புரட்டணும், ராத்திரி பகல் அலையணும். மகளிர் அணியை மட்டும் பார்த்துக்கோங்களேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் பதினோரு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்கு ஷூவும் பஸ் காசும் நான்தானே புரட்டுகிறேன்?

நவம்பர் 9

சங்கக் கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு. எங்கள் ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு. அதை விட்டால் தேயிலைத் தோட்டத்து வழியே இருட்டில் நடக்க வேண்டும். காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். வரவு செலவு படிக்கத் தொடங்கும்போது இன்றும் எழுந்து ஓடினேன். கூட்டம் கலைந்தபின் டீக்கடையில் நின்று பேசுகிறார்களே, அங்கேதான் எல்லாம் முடிவாகிறது. மைதானம் யாருக்கு எந்த நாள் என்பதுகூட மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 16

வேட்புமனுவை ஒரு கிளப் முன்மொழிய வேண்டும், இன்னொன்று வழிமொழிய வேண்டும். முன்மொழிய ஒரு தம்பி வந்தான். வழிமொழிய யாரும் வரவில்லை.

ஓட்டு கிளப்புகளுக்குத்தான். கிளப் என்றால் ஊர் இளைஞர்கள் நடத்துவது. பிரதிநிதிகள் அத்தனை பேரும் ஆண்கள். என் பிள்ளைகள் பள்ளிப் பெயரில் ஆடுகிறார்கள், பள்ளிக்கு ஓட்டு இல்லை. 2023 டிசம்பரில் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர் தேர்தலில், பழைய தலைவர்மேல் பாலியல் புகார் சொன்ன வீராங்கனைகள் ஆதரித்த அனிதா ஷியோரனுக்கு 7 ஓட்டு, அந்தத் தலைவருக்கு நெருக்கமான சஞ்சய் சிங்குக்கு 40. அங்கேயும் மாநிலச் சங்கங்கள்தான் ஓட்டுப் போட்டன. தெருவில் உட்கார்ந்து போராடிய வீராங்கனைகள் கையில் ஓட்டு இல்லை. அன்று சாக்‌ஷி மாலிக் இனி மல்யுத்தம் இல்லை என்று ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நவம்பர் 18

பிள்ளைகளுக்குச் சொன்னேன்: 1894இல் தொடங்கிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் பெண் உறுப்பினர் வர 1981 ஆயிற்று. இந்த மார்ச்சில்தான் கிர்ஸ்டி கவென்ட்ரி அதன் முதல் பெண் தலைவராகத் தேர்வானார். நம் ஒலிம்பிக் சங்கத்துக்கு பி.டி. உஷா 2022இல் வந்தார். இந்த வருடம் வந்த விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியக் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 4 பெண்கள் வேண்டும் என்கிறது. "நம்ம சங்கத்துக்கும் உண்டா மிஸ்?" என்று கேட்டாள் எங்கள் கோல்கீப்பர். வட்டாரச் சங்கம் வரை அது வராதும்மா என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது.

நவம்பர் 23

மனு போகவில்லை. சரி, கிளப்பே தொடங்கிவிடலாம் என்று பழைய மாணவிகளுக்குப் போன் போட்டேன். பதினெட்டு வயது தாண்டிய 15 பேர் கையெழுத்து வேண்டும். ஓட்டு அடுத்த தேர்தலில்தான் கிடைக்கும். குன்னூரிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தாள். குழந்தையை நான் வாங்கிக்கொள்ள, அவள் கையெழுத்துப் போட்டாள். இதுவரை 11.

கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றச் சொல்லிக் கடிதமும் கொடுத்துவிட்டேன்.